ஐஎன்ஆர் 4.8 வந்தால் மாத்திரையை நாமே நிறுத்தலாமா?

காவிரி டெல்டாவில் ஒரு சிறிய ஊரிலிருந்து ஒரு பெண் தன் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கிச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 54 வயது. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் இடது பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கிப்போய், இரண்டு வருடத்துக்கு முன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் செய்து மெட்டல் வால்வு வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், ரத்தம் உறைவதைத் தாமதமாக்கும் அசிட்ரோம் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் மார்ச்சில் 2.1, மே மாதம் 4.8, ஜூனில் 1.6. "மார்ச்சில் நார்மலுக்குப் பக்கத்தில் இருந்தது, நிம்மதியாக இருந்தோம். மே மாதம் ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி போட்டு 4.8 என்று வந்ததும் பயந்துபோய் நாங்களே நான்கு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டோம்" என்று எழுதுகிறார். கீரை, முட்டைக்கோஸ் எல்லாம் வீட்டுக்குள்ளேயே வருவதில்லை. கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி எடுக்க வேண்டிய நிலை. ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் பல் டாக்டர். முழங்கால் வலிக்குத் தெருமுனை கிளினிக்கில் அவ்வப்போது இடுப்பில் ஊசி. சென்னையில் வேலை பார்க்கும் தம்பி, தன் மேனேஜர் ரத்தப் பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரை சாப்பிடுவதாகவும் அம்மாவுக்கும் அதையே மாற்றலாம் என்றும் சொல்கிறார். உறவுக்காரர் ஒருவர் 'இது எலி மருந்து' என்று வீடியோ காட்டிவிட்டுப் போயிருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியும் வால்வு கார்டும் வீடு மாறும்போது தொலைந்துவிட்டன. கடைசியாக, அம்மா கையை வெட்டிக்கொண்டால் ரத்தம் நிற்காது என்று அரிவாள்மனையை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டார்களாம். "அதிலிருந்து அம்மா சமையலறைப் பக்கமே வருவதில்லை சிஸ்டர், சும்மா உட்கார்ந்திருக்கிறார்" என்று முடித்திருக்கிறார். கூடவே அம்மாவின் ஐஎன்ஆர் நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

அன்புத் தங்கைக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் நிதானமாகப் படியுங்கள். ஜூனில் வந்த 1.6 என்ற எண்ணை ஆபரேஷன் செய்த இடத்துக்கோ நீங்கள் வழக்கமாகக் காட்டும் இதய மருத்துவருக்கோ இன்றைக்கே தெரியப்படுத்துங்கள். அடுத்த ரிவ்யூ தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மைட்ரல் இடத்தில் மெட்டல் வால்வு இருப்பவருக்கு அது குறைவான எண். நீங்கள் பயந்தது 4.8-க்கு. நான் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது நெஞ்சு படபடத்தது 1.6-ஐப் பார்த்துத்தான்.

பதினெட்டு வருடம் இதய அறுவை சிகிச்சை வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அதற்குப் பிறகு ஏழு வருடமாக ஐஎன்ஆர் பார்க்க வருகிறவர்களோடுதான் என் காலை நேரம் போகிறது. மாத்திரை அளவைக் கடிதம் மூலமாக நான் மாற்றிச் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது, அது அம்மாவை நேரில் பார்க்கும் மருத்துவரின் வேலை. ஆனால் உங்கள் நோட்டை வரிவரியாகப் படித்தேன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

நார்மல் என்ற சொல்தான் உங்களை ஏமாற்றியது

லேப் ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே நார்மல் அளவு என்று 0.8 முதல் 1.2 வரை அச்சடித்திருப்பார்கள். அது இந்த மாத்திரை சாப்பிடாத, வால்வு மாற்றாத ஒருவருக்கான அளவு. அதைத் தாண்டினால் கம்ப்யூட்டர் தானாகவே நட்சத்திரக் குறி போட்டுவிடும், அம்மாவுக்கு மெட்டல் வால்வு இருப்பது அதற்குத் தெரியாது. மைட்ரல் இடத்தில் மெட்டல் வால்வு இருப்பவர்களுக்கு பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வைத்திருக்கச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் நீங்கள் நிம்மதியாக இருந்த மார்ச் மாதத்து 2.1-கூட கொஞ்சம் குறைவுதான். அம்மாவுக்கென்று மருத்துவர் குறித்த எல்லை என்ன என்று கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இனிமேல் ரிப்போர்ட் வந்தால் அந்தப் பக்கத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள், லேப் அச்சடித்த அளவோடு வேண்டாம்.

இந்த மாத்திரை ரத்தத்தைத் தண்ணீர் மாதிரி ஆக்கிவிடும் என்று நினைக்கிறீர்கள். 'ரத்தம் இளக்கும் மாத்திரை' என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி வந்த குழப்பம் அது. அம்மாவின் ரத்தம் உங்கள் ரத்தம் அளவுக்கே கெட்டியாகத்தான் இருக்கிறது. உறைவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும்தான் கூடுகிறது. நம் கல்லீரல் வைட்டமின் கே-யின் துணையோடு சில உறைவுப் புரதங்களைத் தயாரிக்கிறது, 2, 7, 9, 10 என்று அவற்றுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். ஒருமுறை வேலை செய்த வைட்டமின் கே-யை உடம்பு புதுப்பித்து மறுபடி பயன்படுத்தும், இந்த மாத்திரை அந்தப் புதுப்பிக்கும் வேலையைத் தடுக்கிறது. அதனால் புதிதாக வரும் புரதங்கள் அரைகுறையாக வருகின்றன. ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் நல்ல புரதங்கள் தீர வேண்டுமே, அதில் இரண்டாம் எண் புரதம் பாதியாகக் குறையவே இரண்டரை மூன்று நாள் ஆகும். அதனால்தான் இன்று மாற்றிய டோஸ் நாளைய பரிசோதனையில் தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியத் தொடங்கும். 'நேற்று ஒரு மாத்திரை கூடப் போட்டும் எண் ஏறவில்லையே' என்று இன்னொன்றைக் கூடப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நான்காம் நாள் ஈறில் ரத்தத்தோடு வந்து நிற்பார்கள்.

ஏன் இந்த மாத்திரை வாழ்நாள் முழுக்க? வால்வு உடம்புக்கு அந்நியப் பொருள். ரத்தம் அந்நியப் பொருளைத் தொட்டாலே உறையப் பார்க்கும். அதிலும் மைட்ரல் வால்வு இருக்கும் இடத்தில் ரத்தம் வேகம் குறைவாக ஓடுகிறது, அதனால் அங்கே ரத்தக்கட்டி உட்காருவது இன்னும் சுலபம். உட்கார்ந்தால் வால்வின் இதழ் சிக்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போகலாம். ரத்தம் வருவது கண்ணுக்குத் தெரிவதால் எல்லோருக்கும் அதைப் பற்றித்தான் பயம். உறைவது கண்ணுக்குத் தெரியாதே, அதனால் அதற்கு யாரும் பயப்படுவதில்லை.

நோட்டில் இருந்த 4.8-க்கான காரணம்

மே இரண்டாவது வாரத்தில் உங்கள் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. 5 நாள் மாத்திரை. கஞ்சி மட்டும்.' அதன் கீழே மாத்திரை அட்டையிலிருந்து பெயரைப் பார்த்து மெட்ரோனிடசோல் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காக உங்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. 4.8-க்கு முழுக் காரணமும் அதில் இருக்கிறது.

அசிட்ரோம், அதே வகை மருந்தான வார்ஃபரின் இரண்டையும் கல்லீரல்தான் உடைத்து வெளியே அனுப்ப வேண்டும். மெட்ரோனிடசோல் அந்த வேலையைத் தாமதமாக்கிவிடும், அதனால் அதே டோஸ் கூடுதலாகப் போட்டது போல வேலை செய்யும். போதாததற்கு ஐந்து நாள் கஞ்சி மட்டும், வயிற்றுப்போக்கு வேறு, உணவிலிருந்து வைட்டமின் கே ஏறக்குறைய வரவே இல்லை. எண் ஏறாமல் என்ன செய்யும்? அம்மாவின் உடம்பில் புதிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை.

அந்த நிலையில் ரத்தக்கசிவு எதுவும் இல்லாவிட்டால், மருத்துவர் பெரும்பாலும் ஒரு வேளை விடச் சொல்லியிருப்பார் அல்லது கொஞ்சம் குறைத்திருப்பார், சில நாளில் மறுபடி பார்க்கச் சொல்லியிருப்பார். நான்கு நாள் நிறுத்தியது அதிகம். அதுவும் அசிட்ரோம் வார்ஃபரினைவிடச் சீக்கிரம் உடம்பை விட்டு வெளியேறும் மருந்து, நிறுத்தினால் இரண்டு நாளிலேயே அதன் காப்பு பெரும்பாலும் போய்விடும். அதற்குப் பிறகு நீங்கள் பயத்தில் பாதி மாத்திரையாகத் தொடர்ந்ததையும் நோட்டில் பார்த்தேன். ஜூனில் 1.6 வந்தது அதனால்தான். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. டிஸ்சார்ஜ் அன்று இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டியது எங்களைப் போன்றவர்கள். கூட்டம் நிறைந்த வார்டில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது, ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

எண்ணை ஏற்றிவிடும் மருந்துகளில் நம் ஊரில் அடிக்கடி எழுதப்படுபவை இவை: மெட்ரோனிடசோல், செப்ட்ரான் வகை, சிப்ரோஃப்ளாக்சசின், படர்தாமரைக்குத் தரும் ஃப்ளூகோனசோல், இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல்கூட ஏற்றிவிடும், ஜெல்தானே என்று விட்டுவிடாதீர்கள். இறக்கிவிடுபவை காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், கார்பமாசெபின். பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்தப் புது மாத்திரை தொடங்கினாலும், ஓடிக்கொண்டிருக்கும் எந்த மாத்திரையை நிறுத்தினாலும், மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஒரு ஐஎன்ஆர் பார்த்துவிடுங்கள். நாட்டு மருந்து, லேகியம், பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை எல்லாம் இதில் அடங்கும். சமையலில் போடும் மஞ்சளும் பூண்டும் பிரச்சினை இல்லை.

கீரையை வீட்டுக்குள் விடுங்கள்

இந்த விஷயத்தில் எனக்கும் பொறுப்பு இருக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் நானே நோயாளிகளிடம் 'கீரை தொடக் கூடாது' என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கீரையில் வைட்டமின் கே அதிகம் என்பது உண்மை. ஆனால் கீரையே சாப்பிடாதவர்களின் எண்தான் அதிகமாக ஆடும், ஏனென்றால் உடம்பில் இருப்பு குறைவாக இருக்கும்போது ஒரு கல்யாண வீட்டுக் கூட்டோ ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை அடையோ எண்ணைச் சட்டென்று இழுத்துவிடும். வாரத்தில் இரண்டு நாள், ஏறக்குறைய ஒரே அளவு, அதையே மாதம் முழுக்க. இவ்வளவுதான் கணக்கு. அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்றபடி மருத்துவர் டோஸை வைத்துக்கொள்வார். இப்போது சேர்க்கத் தொடங்குகிறோம் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே 1.6-இல் இருக்கிறீர்கள், எண் எல்லைக்குள் வந்த பிறகு தொடங்குவது நல்லது.

விரத நாள்களையும் நோட்டில் எழுதுங்கள். புரட்டாசி சனிக்கிழமை ஒருவேளை சாப்பாடு என்றால் பரவாயில்லை. தொடர்ந்து பல நாள் பழமும் பாலும் மட்டும் என்று போனால் எண் மாறும். விரதம் என்று மாத்திரையை மட்டும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு வாய் தண்ணீரோடு மாத்திரை விழுங்குவதால் விரதம் முறியாது என்று அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பல்: நிறுத்த வேண்டாம், ஆனால் தயாராகப் போக வேண்டும்

பல் டாக்டர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ரத்தம் நிற்காதோ என்ற கவலை அவருக்கு. முன்பு எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இப்போது பல நாடுகளின் வழிகாட்டுதல்கள், ஐஎன்ஆர் 4-க்குக் கீழே இருந்தால் ஒன்று இரண்டு பல் எடுப்பதற்கு இந்த மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை என்கின்றன. பல் எடுத்த இடத்தில் வரும் ரத்தத்தைக் கையால் அழுத்தியே நிறுத்த முடியும். மூளையில் போய் அடைத்த கட்டியை அப்படி எடுக்க முடியாது.

எங்கள் பிரிவுக்கு வந்த ஒரு ஆட்டோ ஓட்டுநரை மறக்க முடியவில்லை. பல் எடுக்க ஒரு வாரம் நிறுத்தினார். பல் நல்லபடியாக வந்தது, ஒரு துளி ரத்தம் கூடுதலாக வரவில்லை. பத்தாம் நாள் காலையில் டீ கிளாஸைப் பிடித்த வலது கை அப்படியே தொங்கிவிட்டது, பேச்சும் போய்விட்டது. பிறகு அவர் இடது கையால் தன் பெயரை எழுதப் பழகியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நிறுத்தச் சொன்னவரும் அவரிடம் அக்கறையாகத்தான் சொல்லியிருந்தார்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இதய மருத்துவரிடம் 'மாத்திரையைத் தொடர்ந்தபடியே பல் எடுக்கலாம்' என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்கி பல் டாக்டரிடம் கொடுங்கள், இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டால் இன்னும் நல்லது. அப்படிக் கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். பல் எடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஐஎன்ஆர் பாருங்கள். காலை நேரமாக, வாரத் தொடக்கமாகத் தேதி வாங்குங்கள், கசிந்தால் மறுநாள் கிளினிக் திறந்திருக்கும். எடுத்த குழியில் உறைய வைக்கும் பஞ்சு வைத்துத் தையல் போடுவது, அரை மணி நேரம் பஞ்சைக் கடித்திருப்பது, ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலக் கரைசலால் வாயை மெதுவாக நனைப்பது, இதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த வழிகள்தான். அன்று வேகமாகக் கொப்பளிக்கவோ சூடாகக் காபி குடிக்கவோ வேண்டாம்.

இதில் உங்கள் கடிதத்தில் யாருமே பேசாத ஒன்று இருக்கிறது. செயற்கை வால்வு இருப்பவருக்குப் பல் எடுக்கும்போது வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் பல் எடுப்பதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன் ஒரே தவணையாக ஆன்டிபயாடிக் தருவது வழக்கம், பெனிசிலின் அலர்ஜி இல்லாத பெரியவர்களுக்குப் பொதுவாக அமாக்சிசிலின் 2 கிராம். இதைக் கட்டாயம் கேளுங்கள். அப்புறம், பல் எடுத்த பிறகு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சீட்டில் வழக்கமாக மெட்ரோனிடசோலும் வலிக்கான டைக்ளோஃபெனாக்கும் இருக்கும். முதலாவதன் வேலையை மே மாதமே பார்த்துவிட்டீர்கள். இரண்டையும் சீட்டிலேயே காட்டி 'அம்மா அசிட்ரோம் சாப்பிடுகிறார், மாற்று எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். மெட்ரோனிடசோல் தவிர்க்கவே முடியாது என்றால் மூன்றாம் நாள் ஐஎன்ஆர்.

முழங்கால் ஊசி

இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், அந்த ஊசி இனி வேண்டாம். தசையில் ஆழமாகப் போடும் ஊசியால் உள்ளே ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும், இடுப்பில் கல் மாதிரி வீங்கி நீலம் பாரித்து வந்த அம்மாக்களை எத்தனையோ பேர் பார்த்தாயிற்று. ஊசிக்குள் இருப்பதும் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், வயிற்றில் புண்ணை உண்டாக்கி ரத்தம் கசிய வைக்கும் மருந்து, அது உறைதல் தாமதமாகும் மாத்திரையோடு சேர்ந்தால் இரட்டை ஆபத்து. வலி மாத்திரையாக மெடிக்கல் ஷாப்பில் தரும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகையும் அதே கதைதான். பாராசிட்டமால் 650 ஒரு நாளைக்கு மூன்று வேளைக்கு மேல் போகாமல் இரண்டு மூன்று நாள் எடுக்கலாம். அதற்கு மேல் நாள்கணக்கில் தொடர்ந்தால் அதுவும் ஐஎன்ஆரை ஏற்றும், சொல்லிவிட்டு எடுங்கள். மருத்துவர் ஆஸ்பிரின் 75 எழுதிக் கொடுத்திருந்தால் அது தெரிந்தே எழுதியது, அதை நிறுத்தாதீர்கள். தடுப்பூசி போட வேண்டி வந்தால் மெல்லிய ஊசியால் போட்டு சில நிமிடம் நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொல்லலாம், அதற்குத் தடை இல்லை. முழங்காலுக்குப் பிசியோதெரபி, ஒத்தடம் என்று வழிகள் இருக்கின்றன. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நம் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை, அம்மாவிடம் பொறுமையாகத்தான் பேச வேண்டும்.

தம்பி சொல்லும் புது மாத்திரையும் அந்த எலி மருந்தும்

தம்பி சொல்வது பொய் இல்லை. டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் என்று அந்த மாத்திரைகள் நன்றாகவே வேலை செய்கின்றன, மாதாமாதம் ஐஎன்ஆர் பார்க்க வேண்டியதில்லை. மேனேஜருக்கு அநேகமாக இதயத் துடிப்பு ஒழுங்கில்லாத பிரச்சினையோ காலில் ரத்தக்கட்டோ இருந்திருக்கும், மெட்டல் வால்வு இருந்திருக்காது. மெட்டல் வால்வு இருப்பவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கட்டியும் கூடியது, ரத்தக்கசிவும் கூடியது, பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2013-இல் அந்த முடிவு வெளியானது. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் வைக்கும் புது வகை அயோர்ட்டிக் மெட்டல் வால்வு ஒன்றில் அபிக்சபானை வைத்து நடந்த ஆய்வும் 2022-இல் கட்டி கூடியதால் நின்றது. எனவே அம்மாவுக்கு இந்த வழி இப்போதைக்கு மூடியிருக்கிறது. யாராவது மருத்துவர் தெரியாமல் மாற்றி எழுதினாலும் 'மெட்டல் வால்வு' என்று நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

எலி மருந்து என்று காட்டிய வீடியோவில் பாதி உண்மை. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. 1933-இல் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர் செத்த மாட்டின் உறையாத ரத்தத்தைப் பால் கேனில் எடுத்துக்கொண்டு பனிப்புயலில் கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். தீவனத்தில் இருந்த பொருளை லிங்க்கின் குழு கண்டுபிடித்தது, அதன் வழியில் வந்ததுதான் வார்ஃபரின். 1948-இல் அது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது, 1954 முதல் மனிதர்களுக்கு மருந்து. அசிட்ரோம் அதற்குப் பங்காளி. எவ்வளவு கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம், அதை அளந்து பார்க்கத்தான் ஐஎன்ஆர். இன்னொன்று, பங்காளி என்பதற்காக இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். கடையில் அசிட்ரோம் இல்லை என்று அதே மில்லிகிராமில் வார்ஃபரின் அட்டையைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அளவு வேறு. 1, 2, 3, 4 என்று பல அளவில் அட்டைகள் வருகின்றன. வாங்கியதும் கடை வாசலிலேயே அட்டையில் இருக்கும் எண்ணைப் படித்துவிட்டு நகருங்கள்.

தொலைந்த காகிதம்

வால்வு கார்டில் எந்த வால்வு, எந்த இடம், என்ன அளவு என்று இருக்கும். நாளைக்கு வேறு ஊரில் அவசரம் என்றால் முதலில் கேட்பது அதைத்தான். 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதே விதிகள் பதிவுகளை மூன்று வருடம் வைத்திருக்கத்தான் கட்டாயப்படுத்துகின்றன. உங்களுக்கு இரண்டு வருடம் முடிந்துவிட்டது, தள்ளிப்போடாமல் இந்த மாதமே அம்மாவின் கையெழுத்தோடு மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கிடைத்ததும் போனில் படம் எடுத்துத் தம்பிக்கும் அனுப்பிவிடுங்கள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்

ராத்திரி வீடு அமைதியான பிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், வால்வின் டிக் டிக் சத்தம் பெரும்பாலும் காதில் விழும், கடிகாரம் மாதிரி. அந்தச் சத்தத்தை உங்கள் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். அது மங்கிப்போனாலோ காணாமல் போனாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தாலோ அது வால்வில் கட்டி என்று வைத்துக்கொண்டு அந்த ராத்திரியே 108-ஐக் கூப்பிடுங்கள். வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, இதற்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

தலையில் அடிபட்டால் மேலே காயமே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே மெதுவாகக் கசிந்து மறுநாள் தலைவலியாகத் தெரியவரலாம். தார் மாதிரி கறுப்பாக மலம் போவது, சிறுநீரில் ரத்தம், ரத்த வாந்தி, காரணமில்லாமல் வரும் கடுமையான தலைவலி, இவையும் அதே அவசரம்தான். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், இருந்தாலும் காட்டிவிடுவதே சரி. பல் துலக்கும்போது ஈறில் லேசாக ரத்தம், கையில் சின்ன நீலத் தழும்பு, இதற்கெல்லாம் ஓட வேண்டாம், ஒரு ஐஎன்ஆர் பாருங்கள். எந்தக் காரணத்துக்காகப் போனாலும் உள்ளே நுழைந்ததும் 'அசிட்ரோம், மெட்டல் வால்வு' என்ற இரண்டு வார்த்தையை முதலில் சொல்லுங்கள்.

மாத்திரை மறந்துபோனால் அன்றைக்கே நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டுவிட்டு வழக்கமானதை மட்டும் போடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. விட்டுப்போனதை நோட்டில் எழுதிவிடுங்கள். நோட்டில் எண்ணோடு சேர்த்து அந்த வாரம் சாப்பிட்ட மருந்து, காய்ச்சல், விரதம், ஊர்ப்பயணம் எல்லாம் இருக்கட்டும். மெட்ரோனிடசோலை எழுதி வைத்தீர்களே, அது மாதிரி.

இனி அரிவாள்மனை. அம்மாவுக்குக் கை வெட்டினால் ரத்தம் நிற்கும், கொஞ்சம் தாமதமாக நிற்கும், அவ்வளவுதான். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து, பதினைந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து அழுத்த வேண்டும். நின்றதா என்று நடுவில் துணியை எடுத்துப் பார்க்கக் கூடாது, பார்த்தால் மறுபடி முதலிலிருந்து பதினைந்து நிமிடம். மஞ்சள் தூள், காபித்தூள் எதையும் அப்ப வேண்டாம். அதற்கும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. இதை அம்மாவிடமே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள். செய்துகாட்டிவிட்டார் என்றால் பரணிலிருந்து அரிவாள்மனையை இறக்கித் துடைத்து அவரிடமே கொடுங்கள். எண் எல்லைக்குள் வந்ததும் புதன்கிழமை ஒரு கட்டு, சனிக்கிழமை ஒரு கட்டு அரைக்கீரை வாங்கி வாருங்கள், அவரே உட்கார்ந்து நறுக்கட்டும்.